ஜன்னல்ல தெருப்பூனை, உள்ள வீட்டுப் பூனைகளுக்குள்ள அடிதடி: ரீடைரக்டட் அக்ரெஷனை எப்படிச் சமாளிப்பது?

#1 மூணாம்_மாடி

சென்னை, அபார்ட்மெண்ட். ரெண்டு பூனை. நாலு வயசுக் கடுவன், மூணு வயசுப் பெட்டை. ரெண்டுக்கும் கருத்தடை ஆச்சு, தடுப்பூசி போட்டாச்சு. குட்டியிலிருந்து ஒண்ணாத்தான் தூங்குதுங்க. முந்தாநாள் ராத்திரி ஒரு தெருக் கடுவன் பெட்ரூம் ஜன்னலுக்கு வெளிய சன்ஷேட்ல வந்து உட்கார்ந்துச்சு. எங்க ஆள் வாலைப் புஸ்ஸுனு ஆக்கி உறுமினான். பக்கத்துல வந்த பெட்டை மேல அடுத்த நொடி பாய்ஞ்சுட்டான். விலக்கப் போனவங்களுக்குக் கையில கடி. இப்ப பெட்டை கட்டிலுக்கு அடியிலேயே இருக்கா, அவளைப் பார்த்தாலே இவன் துரத்துறான். "ஒண்ணா விடு, தானா சரியாயிடும்"னு எல்லாரும் சொல்றாங்க. விடலாமா?

#2 பூனைமருந்து

விடாதீர்கள். இதைப் படித்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, இரண்டையும் வெவ்வேறு அறையில் போட்டுக் கதவைச் சாத்துவது.

நடந்ததுதான் ரீடைரக்டட் அக்ரெஷன், அதாவது எட்ட முடியாத எதிரி மேல் வந்த ஆவேசத்தைப் பக்கத்தில் இருப்பவர் மேல் காட்டுவது. வெளியே இருந்த எதிரியை உங்கள் கடுவனால் எட்ட முடியவில்லை. உடம்பு சண்டைக்குத் தயாராகிவிட்டது, ஆனால் இடையில் கண்ணாடி. அந்த நேரத்தில் எது கிட்ட வருகிறதோ அதன் மேல் பாயும். பெட்டை வந்தாள். நீங்கள் வந்திருந்தால் உங்கள் கால். இது அவர்களுக்குள் இருந்த பழைய பகை அல்ல. ஆனால் இப்போது கவனிக்காமல் விட்டால் புதிய பகையாக மாறும். அவன் மனதில் பெட்டையும் அந்தப் பதற்றமும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். அவள் பயந்து ஓடினால், ஓடுவதைப் பார்த்தே துரத்துவான். அவன் துரத்துவதால் அவள் இன்னும் பயப்படுவாள். "தானாகச் சரியாகும்" என்று விட்ட வீடுகளில் வாரக்கணக்கில் இது சுழன்றுகொண்டே இருக்கும்.

பிரிக்கும்போது கையால் தூக்காதீர்கள். பெரிய அட்டைப்பெட்டியின் பக்கத்தைப் பிரித்து, இரண்டுக்கும் நடுவில் சுவர்போல இறக்குங்கள். பார்வை மறைந்தாலே பாதி வேகம் குறையும். அட்டையைத் தள்ளிக்கொண்டே கடுவனை அறைக்குள் நகர்த்தலாம். அட்டை இல்லையென்றால் தடித்த போர்வை, தலையணை, சோபா மெத்தை. நகர்த்தவே முடியாத நிலையில் அவனை இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, பெட்டை இருக்கும் பக்கத்துக் கதவைச் சாத்துங்கள்.

கடுவன் அறையில் விளக்கை அணைத்து, திரையை இழுத்துவிடுங்கள். தண்ணீர், லிட்டர் பெட்டி (பூனையின் கழிப்பிடமான மணல் பெட்டி), கொஞ்சம் சாப்பாடு, ஒளிய ஒரு அட்டைப்பெட்டி போதும். சமாதானம் செய்ய உள்ளே போகாதீர்கள். கண் மணி முழுக்க விரிந்து கறுப்பாக இருந்தால், வால் நுனி அடித்துக்கொண்டே இருந்தால், காது பக்கவாட்டில் மடங்கியிருந்தால், முதுகுத் தோல் துடித்தால் அவன் இன்னும் அந்த ஜன்னல் ஓரத்தில்தான் இருக்கிறான். சில பூனைகளுக்கு இது அரைமணியில் இறங்கும். பல பூனைகளுக்குப் பல மணி நேரம். ஒன்றிரண்டு நாள் நீள்வதும் சாதாரணம்தான்.

தண்ணீர் பீய்ச்சுவது, தட்டுவது, கத்துவது எதுவும் வேண்டாம். ஏற்கனவே கொதித்துக்கொண்டிருக்கும் பூனைக்கு அது இன்னொரு தாக்குதல்.

#3 நர்ஸம்மா

பூனையை விடுங்க, கையைப் பத்தி யாரும் கேக்கலையே!

கடிச்ச இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடுற குழாய்த் தண்ணில 15 நிமிஷம் கழுவியிருக்கணும். கழுவலைன்னா இப்பவாவது கழுவுங்க. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக் கூடாது. இறுக்கிக் கட்டவும் கூடாது.

பூனைப் பல் ஊசி மாதிரி. மேல சின்ன ஓட்டை, உள்ள ஆழம். மேல்தோல் சீக்கிரம் மூடிக்கும், கிருமி உள்ள மாட்டிக்கும். பாஸ்சுரெல்லாங்கிற பாக்டீரியா பூனை வாயில சாதாரணமா இருக்கும். கடிச்ச 12 முதல் 24 மணி நேரத்துக்குள்ள கை வீங்கி, சிவந்து, விரலை மடக்க முடியாமப் போச்சுன்னா அது அவசரம். விரல் மூட்டு, மணிக்கட்டு கிட்ட கடின்னா வீங்குற வரைக்கும் காத்திருக்கவே வேண்டாம், அன்னைக்கே போங்க. ஆன்டிபயாட்டிக் டாக்டர் எழுதணும், வீட்டுல மிச்சம் கிடக்குறதைப் போட்டுக்காதீங்க. டெட்டனஸ் ஊசி கடைசியா எப்பப் போட்டதுன்னும் சொல்லுங்க.

ரேபிஸ்: "வீட்டுப் பூனைதானே, ஊசி போட்டதுதானே"ன்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. பூனையோட தடுப்பூசி அட்டையை எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டுங்க, முடிவு அவர் எடுக்கட்டும். தோலைக் கிழிச்சு ரத்தம் வந்த கடி, ரேபிஸ் ஆபத்து வரிசையில மூணாம் வகை, அதாவது அதிக ஆபத்து. அதுக்குத் தடுப்பூசியோட, காயத்தைச் சுத்தி இம்யூனோகுளோபுலினும் (உடனே வேலை செய்யுற எதிர்ப்பு மருந்து) போடுவாங்க. தசையில போடுற முறைன்னா 0, 3, 7, 14, 28 நாள் (0ன்னா முதல் ஊசி போடுற நாள்). தோல்ல போடுற முறைன்னா 0, 3, 7, 28. அரசு மருத்துவமனையிலயும் ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் தடுப்பூசி இலவசம். கடிச்ச பூனையைப் பத்து நாள் கவனிக்கச் சொல்வாங்க, அது வீட்டுக்குள்ளயே இருக்குறதால உங்களுக்குச் சுலபம்.

#4 மூணாம்_மாடி

நன்றிம்மா, இன்னைக்கே கூட்டிட்டுப் போறோம். பூனைமருந்து சார், பிரிச்சு வச்சாச்சு. பெட்டை உடம்புல வெளிக்காயம் தெரியலை. வேற எதாவது பார்க்கணுமா?

#5 பூனைமருந்து

முடியை எதிர்ப்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். கழுத்து, தாடை, முன்னங்கால், வால் அடிப்பகுதி. பூனைக்குப் பூனை கடித்த காயமும் அப்படியே மேலே மூடிக்கொள்ளும். இரண்டு முதல் நாலு நாளில் கட்டியாகிச் சீழ் பிடிக்கும். தொட்டால் சூடு, சாப்பாட்டில் மந்தம் என்றால் மருத்துவரிடம் போங்கள். வலிக்கு மனித மாத்திரை கூடவே கூடாது. பாரசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். கால் மாத்திரை, அரை மாத்திரை என்று கணக்குப் போட்டுப் பார்க்கவும் வேண்டாம்.

இரண்டில் எது முழுதாக ஒரு நாள் சாப்பிடவில்லை என்றாலும் மருத்துவரைக் கூப்பிடுங்கள். பட்டினி நீண்டால் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேரும்.

கடுவனின் லிட்டர் பெட்டியையும் பாருங்கள். இந்த மாதிரிப் பதற்றத்துக்குப் பிறகு கடுவன்களுக்குச் சிறுநீர் அடைப்பு வரக்கூடும். திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்து முக்கி, ஒன்றும் வராமல் எழுந்து வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ராத்திரியாக இருந்தாலும் கிளம்புங்கள்.

#6 வலைக்கம்பி

நான் சொல்லப் போறது ஜன்னல் வேலை. அந்தத் தெருக் கடுவன் திரும்ப வருவான். அவன் வர்ற வரைக்கும் உள்ள என்ன சமாதானம் பண்ணாலும் வீண், ஒரே ராத்திரியில எல்லாம் கலைஞ்சுடும். ஜன்னல் வேலையை முடிச்சுட்டு அப்புறம் பூனைகளைச் சேர்த்து வைங்க.

ஃப்ராஸ்டட் ஃபிலிம் (வெளிய தெரியாம கண்ணாடியை மங்கலாக்குற தாள்): பசை இல்லாத, தண்ணியில ஒட்டுற வகையை வாங்குங்க. கண்ணாடியைச் சுத்தமாத் துடைச்சு, ஒரு குவளைத் தண்ணில ரெண்டு சொட்டு பாத்திரம் தேய்க்கிற லிக்விட் கலந்து ஸ்ப்ரே பண்ணி, ஃபிலிமை வச்சு, நடுவிலிருந்து ஓரத்துக்கு பழைய ஏடிஎம் அட்டையால தள்ளுங்க. எவ்வளவு உயரம்? இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. தரையிலிருந்து அளக்காதீங்க. பூனை உட்கார்ற இடத்துல, அதாவது கட்டில், அலமாரி, பூனை மரம், எங்கெல்லாம் ஏறுமோ அங்கெல்லாம் உங்க தலையைப் பூனைக் கண் உயரத்துக்கு வச்சுப் பாருங்க. எங்கிருந்து பார்த்தாலும் சன்ஷேட் தெரியக் கூடாது. அதுவரைக்கும் ஒட்டுங்க.

ஃபிலிம் பார்வையை மட்டும்தான் தடுக்கும். ஸ்லைடிங் ஜன்னலைத் திறந்து கொசுவலை மட்டும் போட்டிருந்தா வாசனையும் சத்தமும் நேரா உள்ள வரும். அந்த ஜன்னலை சாயங்காலத்திலிருந்து காலை வரைக்கும் சாத்தி வைங்க, காத்துக்கு வேற பக்கத்து ஜன்னலைத் திறங்க.

வெளிய: சன்ஷேட், சுவர், பால்கனி கம்பியில அவன் மூத்திரம் பீய்ச்சியிருப்பான். அதைக் கழுவணும். ஃபினாயில், லைசால் மாதிரி கிருமிநாசினி வேண்டவே வேண்டாம், அதுல இருக்கற ரசாயனங்கள் பூனைக்கு விஷம். பாதத்துல ஒட்டி நக்கினாப் போச்சு. அம்மோனியா கிளீனர் மூத்திர வாசனையையே கூட்டும். பிளீச்சிங் பவுடர் மூத்திரத்தோட சேர்ந்தா கண் எரியற வாயு வரும். என்சைம் கிளீனர் கிடைச்சா ஊத்தி 15 நிமிஷம் ஊற விட்டுக் கழுவுங்க. கிடைக்கலைன்னா என்சைம் உள்ள துணி சோப்புத்தூளைக் கரைச்சுத் தேய்ச்சு, நல்லாக் கழுவிக் காய விட்டு, அப்புறம் சர்ஜிக்கல் ஸ்பிரிட் லேசா அடிங்க. மூணாவது மாடி சன்ஷேட்ல தயவுசெஞ்சு நீங்களே எட்டிக் குதிச்சு இறங்காதீங்க, ஆள் வச்சுச் செய்யுங்க.

மிளகாய்ப்பொடி, கண்ணாடிச் சில்லு மாதிரி ஐடியா யாராவது கொடுத்தா காதுல வாங்காதீங்க. அவன் எந்த வழியா ஏறுறான்னு பகல்ல பாருங்க. பெரும்பாலும் குழாய் லைன், பக்கத்து மதில், இல்ல மாடிப்படி ஜன்னல். யாராவது கீழ சாப்பாடு வைக்கிறாங்கன்னா, நிறுத்தச் சொல்லிச் சண்டைக்குப் போகாம, கட்டடத்தோட மறுபக்கம் வைக்கச் சொல்லுங்க. சோறு நகர்ந்தா அவன் ரோந்தும் நகரும். அவனுக்கும் கருத்தடை பண்ணிவிட்டா பீய்ச்சறது, ராத்திரி உறுமல் ரெண்டும் பெருமளவு குறையும். ஹார்மோன் இறங்கச் சில வாரம் ஆகும், மறுநாளே எதிர்பார்க்காதீங்க.

#7 கொங்குப்பூனை

ஜன்னலையெல்லாம் மறைச்சா உள்ள இருக்கற பூனைக்கு என்னங்க பொழுதுபோக்கு? வீட்டுக்குள்ளயே கிடக்கற ஜீவன், அதுக்கு அணிலும் புறாவும்தான் டிவி. எனக்கு இந்த ஃபிலிம் வைத்தியம் அவ்வளவா ஒத்துக்கலைங்க.

#8 வலைக்கம்பி

எல்லா ஜன்னலையும் மறைக்கச் சொல்லலையே. தெருப்பூனை வர்ற ஒரு ஜன்னல் மட்டும். அணில், புறா தெரியற பக்கத்தைத் திறந்தே வைங்க, அங்க உட்கார ஒரு பலகை போட்டுக் கொடுங்க. இரையைப் பார்த்துக் கச்சுக் கச்சுன்னு பல்லடிக்கிறது வேற, எதிரியைப் பார்த்து உறுமறது வேற.

#9 கொங்குப்பூனை

அதுன்னா சரிங்க. ஆனா ஒண்ணு. புறாவைப் பார்த்தே ரொம்ப நேரம் எட்ட முடியாம வெறியேறி, பக்கத்துல போறவங்க காலைப் பிடிக்கிற பூனையும் உண்டுங்க. அந்தப் பூனைக்குப் பலகை போடாதீங்க. பார்த்து முடிச்சதும் தூண்டில் பொம்மையால பத்து நிமிஷம் விளையாட விட்டு, கடைசியில பிடிக்க விட்டு, உடனே சாப்பாடு வைங்க. லேசர் மட்டும் காட்டி நிறுத்தாதீங்க, பிடிக்க ஒண்ணும் இல்லாம கடுப்புதான் மிஞ்சும்.

#10 மூணாம்_மாடி

ஃபிலிம் ஒட்டியாச்சு. கடுவன் இப்ப நல்லாச் சாப்பிடறான், மடியில வந்து படுக்கறான், கண்ணும் சாதாரணமா இருக்கு. கதவைத் திறந்துடலாமா?

#11 பூனைமருந்து

இல்லை. இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்கிறார்கள். பதற்றம் இறங்கியது ஒரு விஷயம், பெட்டையை மறுபடி நண்பியாகப் பார்ப்பது வேறு விஷயம். உங்கள் மடியில் படுப்பது முதலாவதற்கு மட்டும்தான் சாட்சி.

பதற்றம் ஓரிரு மணியில் இறங்கி, பெட்டையும் பயந்து ஒளியாமல் இருந்திருந்தால் நேரடியாகவே சாப்பாட்டு நேரத்தில் சேர்த்துப் பார்த்திருக்கலாம். உங்கள் வீட்டில் அவன் திரும்பத் திரும்பத் துரத்திவிட்டான், அவள் கட்டிலுக்கு அடியில். அதனால் புதுப் பூனையை அறிமுகம் செய்வதுபோல அடியிலிருந்து போக வேண்டும்.

வாசனையில் தொடங்குங்கள். மென்மையான பருத்தித் துணியால் ஒன்றின் கன்னம், தாடையைத் தடவி, அந்தத் துணியை இன்னொன்றின் சாப்பாட்டுத் தட்டருகே போடுங்கள். முகர்ந்துவிட்டுச் சாப்பிட்டால் நல்லது. சீறினால் துணியை ஒரு மீட்டர் தள்ளி வைத்து மறுநாள் பாருங்கள். தினம் ஒரு முறை அறைகளை மாற்றுங்கள், ஒன்றையொன்று பார்க்காமல்.

அடுத்தது மூடிய கதவின் இருபுறமும் சாப்பாடு. ஆரம்பத்தில் கதவிலிருந்து இரண்டு மீட்டர். இருவரும் காதை மடக்காமல், நிமிர்ந்து பார்க்காமல் தட்டைக் காலி செய்தால் அடுத்த வேளை ஒரு சாண் கிட்டே. கதவை ஒட்டிச் சாப்பிடும் நிலை வந்ததும் பார்வை. கொசுவலைக் கதவு இருந்தால் வரம். இல்லையென்றால் குழந்தைகளுக்குப் போடும் கேட் ஒன்றின் மேல் ஒன்று இரண்டு. அதன் மேல் போர்வை தொங்கவிட்டு, ஒவ்வொரு நாளும் கீழிருந்து நாலு விரல் உயர்த்துங்கள். இந்தக் கட்டத்துக்கு வேறு நேரத்தில் கிடைக்காத பண்டம் வேண்டும்: உப்பு, மசாலா, வெங்காயம் எதுவும் இல்லாமல் வேகவைத்த கோழி, அல்லது நக்கிச் சாப்பிடும் கிரீம் பாக்கெட். இரண்டு மூன்று நிமிடம் போதும். பண்டம் தீருவதற்கு முன்பே போர்வையை இறக்குங்கள். நன்றாகப் போகிறதே என்று நீட்டித்தால் கடைசி நிமிடத்தில் சொதப்பும்.

எதைக் கவனிக்க வேண்டும்? பெட்டை ஒரு முறை சீறிவிட்டு மறுபடி தட்டில் தலையை வைத்தால் பரவாயில்லை, அவள் எல்லை போடுகிறாள். கடுவன் சத்தமே இல்லாமல், உடம்பு விறைத்து, சாப்பாட்டை விட்டுவிட்டு வெறித்துப் பார்த்தால் அதுதான் ஆபத்து. மூன்று நொடிக்கு மேல் விடாதீர்கள். அட்டையை இடையில் இறக்கிப் பார்வையை மறைத்து, அந்த வேளையை முடித்துவிட்டு, ஒரு படி பின்னால் போங்கள்.

வலை வழியாகத் தொடர்ந்து சில நாள் அமைதி என்றால் திறந்த அறை. முதலில் கடுவனை நன்றாக விளையாட விட்டுக் களைப்பாக்குங்கள். ஐந்து நிமிடம், கையில் அட்டை. பெட்டைக்கு இரண்டு வெளியேறும் வழி இருக்க வேண்டும், ஏற உயரமும் இருக்க வேண்டும். மூலையில் மாட்டினால் அவள்தான் முதலில் அடிப்பாள். வீட்டில் ஆள் இல்லாதபோதும் இரவிலும் இன்னும் சில வாரம் தனித்தனி அறைதான்.

#12 சிங்கை_மாலா

இங்கே சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் இதே பிரச்சினை ஜன்னலில் வராது, வாசலில் வரும். தாழ்வாரத்தில் நடமாடும் பூனை கேட் கம்பிக்கு நேர் எதிரே வந்து உட்காரும், உள்ளே இருப்பது கத்தும், பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் காலைக் கடிக்கும். கேட்டின் கீழ்ப்பாதிக்கு ஒளி புகாத அக்ரிலிக் பலகை அடித்துவிடுங்கள், கீழே ஒரு விரல் இடைவெளி கூட வேண்டாம், அதன் வழியாகத்தான் மூக்கை வைக்கும். வாசலுக்கு வெளியே செருப்பு அடுக்கினால் தெருப்பூனை அதில் முகம் தேய்த்துவிட்டுப் போகும், அந்த வாசனை உங்கள் காலோடு உள்ளே வரும். செருப்பு அலமாரிக்குக் கதவு போடுங்கள். 2024 செப்டம்பரிலிருந்து வீவக வீட்டில் உரிமத்தோடு இரண்டு பூனை வரை வளர்க்கலாம் என்பதால் இரண்டாவது பூனை எடுப்பவர்கள் கூடிவிட்டார்கள். எடுக்கும் முன்பே கேட்டை மறைத்துவிடுவது நல்லது.

#13 கொங்குப்பூனை

டாக்டர்கிட்ட போயிட்டு வந்த பூனையைப் பார்த்து வீட்டுல இருந்த பூனை சீறுதுங்களே, அதுவும் இதே கேஸா?

#14 பூனைமருந்து

வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல இருக்கும், காரணம் வேறு. அங்கே வந்த பூனையின் மேல் மருத்துவமனை வாசனை, மயக்க மருந்தின் தள்ளாட்டம். வீட்டிலிருந்தது அதை அந்நியமாக நினைக்கிறது. திரும்பி வந்ததை ஒரு நாள் தனி அறையில் வைத்து, வீட்டுத் துணியில் படுக்கவைத்து, பிறகு விட்டால் பெரும்பாலும் தணியும். வாய்ப்பு இருந்தால் இரண்டையும் ஒன்றாகவே கூட்டிப்போய்க் கூட்டிவாருங்கள், தனித்தனி கேரியரில்.

மூணாம்_மாடி, வெளியே எந்தத் தூண்டலும் இல்லாமல் அவன் மறுபடி பாய்ந்தால் வலி இருக்கிறதா என்று பரிசோதியுங்கள். பல், மூட்டு, சிறுநீர்ப்பை. வயதான பூனை என்றால் தைராய்டும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காட்டலாம். போகும்போது தாக்குதலின் வீடியோ இருந்தால் எடுத்துப் போங்கள், மேஜை மேல் உட்கார்ந்த பூனை வீட்டில் செய்வதைச் செய்துகாட்டாது.

#15 மூணாம்_மாடி

ஃபெரமோன் டிஃப்யூசர், மாத்திரை பத்தி என்ன சொல்றீங்க?

#16 பூனைமருந்து

டிஃப்யூசர், அதாவது பூனையை அமைதிப்படுத்தும் வாசனைப் பொருளை (ஃபெரமோனை) அறையில் பரப்பும் பிளக் கருவி, துணைக்கருவிதான். பூனையின் முக ஃபெரமோனைப் போன்றது ஒரு வகை, பல பூனை வீடுகளுக்கு இன்னொரு வகை. உங்களுக்கு இரண்டாவது. ஒரு குப்பி சுமார் ஒரு மாதம் வரும், ஒரு பெரிய அறைக்குத்தான் எட்டும். சோபாவுக்குப் பின்னாலோ திரைக்கு அடியிலோ சொருகினால் வீண். சில வீட்டில் பலன் தெரியும், சிலதில் ஒன்றும் தெரியாது. காசு ஒன்றுக்குத்தான் என்றால் அதை ஜன்னலுக்குச் செலவழியுங்கள்.

மாத்திரை: மேலே சொன்ன படிகள் ஓரிடத்தில் தொடர்ந்து சிக்கினால் மருத்துவரிடம் பேசுங்கள். ஃப்ளூஆக்ஸெடின் பதற்றத்தைக் குறைக்கும் தினசரி மருந்து, முழுப் பலன் தெரிய நாலிலிருந்து ஆறு வாரம். பூனைக்கு வழக்கமான அளவு கிலோவுக்கு 0.5 முதல் 1 மில்லிகிராம். மனிதருக்கான கேப்சூல் பெரும்பாலும் 20 மில்லிகிராம், அதனால் வீட்டில் பிரித்துக் கொடுக்கும் சோதனை வேண்டாம், அளவையும் வடிவத்தையும் மருத்துவரே தீர்மானிக்கட்டும். பசி குறையலாம், கவனியுங்கள். திடீரென்று நிறுத்தவும் கூடாது. கபாபென்டின் உடனடித் தேவைக்கு, பதற்றம் தரும் சம்பவத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பு கொடுப்பது. டயஸிபாம் மாத்திரை சில பூனைகளுக்குக் கல்லீரலைத் திடீரென்று பாதிக்கும், அதனால் நான் அதன் பக்கம் போகமாட்டேன். அசிப்ரோமஸின் உடம்பைத் தளரவைக்கும், பயம் உள்ளே அப்படியே இருக்கும்.

பெட்டைக்குத் தைரியம் கொடுக்க மலிவான வழி ஒன்று இருக்கிறது. கடுவன் கழுத்தில், இழுத்தால் தானாகக் கழன்றுவிடும் பட்டையில் ஒரு சிறு மணி. அவன் எங்கே வருகிறான் என்று அவளுக்குத் தெரிந்தால் திடுக்கிட்டு ஓடமாட்டாள்.

#17 நர்ஸம்மா

லிட்டர் பெட்டி ரெண்டு பூனைக்கு மூணு வேணும். மூணையும் ஒரே பாத்ரூம்ல வரிசையா வச்சா அது ஒண்ணுதான், கடுவன் வாசல்ல உட்கார்ந்தா அவ போக முடியாது. சாப்பாட்டுத் தட்டும் அப்படித்தான், தனித்தனி இடத்துல.

#18 மூணாம்_மாடி

வலை வழியா ரெண்டும் கோழி சாப்பிடற கட்டத்துக்கு வந்தாச்சு. தீபாவளி பக்கத்துல வருது. பட்டாசுச் சத்தத்துல மறுபடி பாய்வானா?

#19 பூனைமருந்து

பாயலாம். திடீர்ச் சத்தமும் இதைக் கிளப்பிவிடும் பெரிய காரணங்களில் ஒன்று. அறிமுகத்தை இரண்டு நாள் முன்பே அந்தப் படியில் நிறுத்திவைத்து, வெடி ஓய்ந்து ஒரு நாள் கழித்து ஒரு படி பின்னாலிருந்து தொடங்குங்கள். அந்த நாட்களில் இருவரும் தனித்தனி அறையில், முடிந்தவரை தெருப் பக்கம் இல்லாத அறையில். ஜன்னலைச் சாத்தி, ஃபேன் வேகமாக, அட்டைப்பெட்டியில் பழைய துணி. ஒளிந்திருப்பவனை வெளியே இழுத்துக் கொஞ்சாதீர்கள். போன தடவை சத்தத்துக்கு மிகவும் நடுங்கினான் என்றால் கபாபென்டினை மருத்துவரிடம் இப்போதே கேட்டு, வெடி இல்லாத ஒரு நாளில் ஒரு முறை கொடுத்துப் பாருங்கள். எவ்வளவு தள்ளாடுகிறான் என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

#20 வலைக்கம்பி

ஃபிலிம் ஓரத்தையும் ஒரு தடவை பாருங்க. தண்ணில ஒட்டினது வெயில்ல காஞ்சு மூலையில உரியும். ரெண்டு அங்குலம் உரிஞ்சாலே போதும், அந்த ஓட்டை வழியா ஒத்தைக் கண்ணால பார்ப்பான். ஓரம் நாலுக்கும் டிரான்ஸ்பரன்ட் டேப் போட்டுடுங்க.